போதகர் கடலுக்குப் போகக் கூடாது

சவாயித் தீவில் ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்களுக்குத் தங்கள் போதகர் என்றால் உயிர். அவர் கையில் மண்ணும் படக் கூடாது, உப்புத் தண்ணீரும் படக் கூடாது. சேம்பும் பன்றியும் மீனும் வீடு தேடி வரும். போதகர் வலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், போதகருக்கு ஒரு வாய் போட வக்கில்லாத ஊர் என்று பக்கத்து ஊர் சிரிக்கும்.

போதகர் எலிசாராவோ மீனவர் வீட்டுப் பிள்ளை. சிறுவயதில், அப்பாவின் தோணியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்கு முதன்முதலில் ஜெபம் வந்தது. இப்போது பிரசங்கம் தேனாய் ஒழுகும். சபை நடத்த இளைஞர்களைப் பழக்குகிறார். "தலைவனாகணுமா? முதல்ல தனியா முழங்கால் போடு" என்பார். ஊருக்குத்தான் உபதேசம். அவர் தனியாக முழங்காலிட்டால் முழங்கால்தான் வலித்தது. கரையில் யாரோ தோணி தள்ளும் சத்தம் கேட்டால் போதும், நெஞ்சு கிடந்து தவிக்கும்.

ஒரு ஞாயிறு விருந்தில், "ஒரு தடவ கடலுக்குப் போய்ட்டு வரணும்னு ஏக்கமா இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. மீன் போதவில்லை என்று ஐயா குத்திக் காட்டுகிறார் என ஊர் எடுத்துக்கொண்டது. மறுநாள் வாசலில் சூரை மீன் மலையாய்க் குவிந்தது. அதற்கடுத்த நாள் நண்டு. மனைவி ஃபுவாத்தினோ தலையில் அடித்துக்கொண்டாள்.

"வேற ஏதாச்சும் ஆசை இருந்தா அடக்கி வைங்க. இத வைக்கவே வீட்ல சட்டி இல்ல."

அப்புறம் ஊர்த் தலைவர் லெவாசாவே வந்துவிட்டார். முகம் வாடியிருந்தது.

"போதகரையா, நாங்க என்ன குறை வெச்சோம்?"

"ஒரு குறையும் இல்ல தலைவரே. நான் மீனுக்காகக் கேக்கல. கடல்ல இருந்தா ஆண்டவரோட பேசுவேன். இங்க அவரப் பத்தித்தான் பேசிட்டிருக்கேன்."

"எத்தன நாளா இப்படி?"

"இந்த ஊருக்கு வந்ததுலேர்ந்து."

லெவாசா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ எங்கம்மா சியேனி சாகக் கிடந்தப்போ, பக்கத்துல உக்காந்து ஜெபம் பண்ணீங்களே?"

ஒரு பொய் சொன்னால் போதும், இருவருக்கும் நிம்மதி. எலிசாராவுக்கு அது நாக்கு நுனிவரை வந்தது.

"வாய்தான் பண்ணுச்சு" என்றார்.

தலைவர் எழுந்து போனார். இனி இந்த ஊரில் தனக்கு வேலையில்லை என்று எலிசாரா முடிவு கட்டிவிட்டார். ஆனால் மாலை ஜெபத்துக்குச் சங்கு ஊதி அடங்கியதும் லெவாசா திரும்பி வந்தார்.

"விடியக்காலைல என் தோணிய எடுத்துக்குங்க. வலையும் கிடையாது, தூண்டிலும் கிடையாது. ஒத்த மீனோட வந்தாலும், போதகர மீன் பிடிக்க விட்டதுக்கு ஊர்ச் சபையில அபராதம் கட்டறது நான்தான்." படியில் இறங்கியவர் நின்றார். "எங்கம்மாவுக்கு உங்க மேல கொள்ளப் பிரியம்."

விடியும்போது எலிசாரா பவளத் திட்டைத் தாண்டியிருந்தார். மனப்பாட ஜெபங்கள் வரிசையாக வந்து நின்றன. ஒன்றையும் அவர் தொடவில்லை. தனக்காகக் கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தது.

"ஆண்டவரே, சியேனி..." என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் முடியாமல், துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.