ஜோஷ்வா மேல் எழுதிய ரிப்போர்ட்

செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. சாலையோரம் இருந்த அந்த பஸ் சர்வீஸ் சென்டரில், எலக்ட்ரீஷியன் கிருபாகரன் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் ஒன்றுக்கு மூன்று வாரத்தில் கால் முளைத்துவிட்டது. மறைமலைநகர் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் டிராவல்ஸ்காரர்கள் எல்லோருடைய போனிலும் அது இருந்தது. 'ஓட்டுநர் அனுமதியின்றிப் போட்ட போன் சார்ஜர் இணைப்பால் கேன் லைனில் ஷார்ட்.' அந்த ஓட்டுநரான ஜோஷ்வாவுக்கு அதற்குப் பிறகு ஒருவரும் ஸ்டியரிங்கைத் தரவில்லை. பதினெட்டு வருஷம் பஸ் ஓட்டியவர் சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் மீன்காரர்களுக்கு ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார்.

இப்போது அதே பஸ், வேறு ஓட்டுநரோடு, அதே கோளாறோடு இழுத்துவரப்பட்டு கிருபாகரன் முன்னால் நின்றது. டேஷ்போர்டில் இருந்த எச்சரிக்கை விளக்குகள் அத்தனையும் எரிந்தன. இன்ஜின் உயிர் பிடிக்கவில்லை. சார்ஜரைத்தான் அன்றைக்கே பிடுங்கி எறிந்தாயிற்றே.

கேன் லைன் என்பது முறுக்கிவிட்ட இரண்டு மெல்லிய ஒயர்கள். பஸ்ஸிலுள்ள கம்ப்யூட்டர் பெட்டிகளெல்லாம் அதில்தான் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டுக்கும் நடுவே மீட்டர் வைத்தால் அறுபது ஓம் காட்ட வேண்டும். சென்ற முறை இரண்டு காட்டியது, ஒயர்கள் எங்கோ ஒட்டியிருக்கின்றன என்று அர்த்தம். டேஷ்போர்டுக்கு அடியில் டேப் சுற்றிய சார்ஜர் ஒயரைக் கண்டதும் வெடுக்கென்று இழுத்தான், மீட்டர் அறுபதுக்கு ஏறியது. அவ்வளவுதான், ஆள் அகப்பட்டுவிட்டார். இழுத்த இழுப்பில் ஒயர் கட்டு மொத்தமும் ஆடி, வேறெங்கோ ஒட்டியிருந்தது விலகியிருக்கலாம் என்பது பயிற்சியில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம். சார்ஜரைத் திரும்ப மாட்டிப் பார்த்திருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். பத்து நிமிட வேலை.

அந்தப் பத்து நிமிடத்தை அவன் ஏன் செலவழிக்கவில்லை என்பது அவனுக்கே நன்றாகத் தெரியும். மேனேஜர் ஜெகதீசன் அன்று பின்னால் வந்து நின்று, "உங்க தெரு ஆளாமே, பாத்து எழுது" என்று சொல்லிவிட்டுப் போனார். இருவரும் சதுரங்கப்பட்டினத்தில் ஒரே தெரு, ஒரே கோயிலில் ஜெபம். அந்தத் தெருவிலிருந்து மீட்டர் பிடிக்க வந்த முதல் ஆள் கிருபாகரன். சொந்த ஆளைக் காப்பாற்றினான் என்ற பேர் வந்துவிடக் கூடாதே என்று, அயலானாக இருந்தால் காட்டியிருக்கும் சாதாரண நியாயத்தைக்கூட ஜோஷ்வாவுக்குக் காட்டாமல் விட்டான். நேர்மை என்று அதற்கு அவன் பேர் வைத்துக்கொண்டான். பயம் என்று வைத்திருக்க வேண்டும்.

ஜோஷ்வா சொல்லத்தான் சொன்னார். "கிருபா, அந்த சார்ஜரு ஒரு வருஷமா கீது. ஆயுத பூஜைக்கு மறுநாள்லேர்ந்து தான் இந்த பேஜாரு. வாழக்கண்ணு கட்னாங்களே, அந்தாண்ட ஒரு தபா பாரேன். என்னை கிட்டவே வுடல, மொதலாளியே கட்னாரு."

"மீட்டரு பொய் சொல்லாது அண்ணே" என்று அவன் வாயை அடைத்தான்.

இந்த முறை ஒழுங்காக வேலை செய்தான். ஒவ்வொரு பெட்டியாகக் கழற்றினான். மீட்டர் இரண்டிலேயே நின்றது. நடு இணைப்பைப் பிரித்ததும் பின்பக்க லைன் சரியாகிவிட்டது, கோளாறு முன்பக்கத்தில் தங்கியது. கிரில்லைக் கழற்றினான். வாழைக்கன்றை அறுத்துப் போட்டவர்கள் அதைக் கட்டிய கம்பியை அப்படியே விட்டிருந்தார்கள். முறுக்கி வெட்டிய முனை ஒயர் கட்டுக்குள் இறங்கி, இரண்டு ஒயர்களையும் சேர்த்துக் குத்தியிருந்தது. வண்டி குலுங்கும்போது ஒட்டும், விலகும். குறட்டால் கம்பியை வெளியே இழுத்தான். அறுபது. திரும்ப வைத்தான். இரண்டு. மூன்று முறை செய்து பார்த்தான்.

பஸ் முதலாளி கண்ணாயிரம் ஆபீசில் டீ குடித்துக்கொண்டிருந்தார். துருப்பிடித்த கம்பியை மேஜைமேல் வைத்து கிருபாகரன் விவரம் சொன்னான்.

"சாமிக்கு கட்னது வண்டிய கெடுக்குமா?" என்றார் கண்ணாயிரம். "இன்னாய்யா ஜெகதீசா, உன் ஆளு இன்னா பேசிகினு கீறான்?"

அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு ஜெகதீசன் கதவைச் சாத்தினார். "எலி கடிச்சிதுன்னு போடு."

"சார், ஜோஷ்வா மேல எழுதுனது..."

"அத தப்புன்னு எழுதுனா, தப்பு பண்ணது யாரு? கையெழுத்து உன்னுது. இவரு வண்டி எல்லாம் வேற எடத்துக்கு போச்சுன்னா நீயும் கூடவே போவ வேண்டியது தான்."

எலி கடித்தது என்று எழுதி, கிருபாகரன் கையெழுத்துப் போட்டான். பேனா ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. அதை நினைத்துத்தான் பிறகு அவனுக்குத் தன்மேலேயே குமட்டியது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேரே ஜோஷ்வா வீட்டுக்குப் போனான். ஜோஷ்வாவின் மனைவி ஜெசிந்தா வாசலிலேயே நின்றாள். உட்காரச் சொல்லவில்லை. ஜோஷ்வா உள்ளிருந்து வந்தார். ஐஸ் தூக்கி விரலிடுக்கெல்லாம் வெளுத்து வெடித்திருந்தது.

"அண்ணே, உன் மேல தப்பே இல்ல. அந்த வாழக்கண்ணு கம்பி தான். நான் தான் சரியா பாக்கல." ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். சொன்னதும் நெஞ்சு கொஞ்சம் லேசானது. அதற்குத்தான் வந்திருந்தான் போலும்.

ஜெசிந்தா உள்ளே போய், பிள்ளையின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பேனாவோடு கொண்டுவந்தாள். "இப்ப சொன்னத இதுல எழுதி கையெழுத்து போட்டு குடு தம்பி. மகாபலிபுரத்துல ஒருத்தரு பள்ளிக்கூட வேனுக்கு ஆளு கேக்கறாரு. அந்த ரிப்போர்ட்ட பாத்துட்டு தான் யோசிக்கறாரு."

தாள் நீண்டபடியே இருந்தது. கிருபாகரன் வீட்டுக்கடனை நினைத்தான், ஜெகதீசன் முகத்தை நினைத்தான். "எழுத்துல வேணாம் அக்கா. என் வேல பூடும். யாரு கேட்டாலும் சொல்லுங்க, நான் வந்து வாயால சொல்றேன்."

ஜோஷ்வா அவனைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தாலாவது தாங்கியிருப்பான்.

"வாயால நானும் தான் சொன்னேன் கிருபா" என்றார்.

ஜெசிந்தா தாளை மடித்துக்கொண்டு உள்ளே போனாள். அடுப்பில் எதையோ கிளறும் சத்தம் கேட்டது. கிருபாகரன் செருப்பை மாட்டிக்கொண்டு, பைக்கை ஸ்டார்ட் செய்யாமல் தெருமுனைவரை தள்ளிக்கொண்டே போனான்.