இரண்டாவது பிரேக்

வெள்ளை வண்டிக்கு நீல பெயிண்ட் அடிச்சுட்டா எனக்கு அடையாளம் தெரியாதா என்ன? தரகர் காட்டின வண்டியோட கதவைத் திறந்து குனிஞ்சு பார்த்தேன். டிரைவருக்குப் பக்கத்து சீட்டுல, கால் வைக்கிற இடத்துல நாலு ஓட்டை. நாலையும் ரப்பர் வச்சு அடைச்சிருந்தாங்க. என் வீட்டுக்காரர் போனதும் நாங்க வித்த அதே சின்ன வண்டி, ஊரெல்லாம் சுத்திட்டு எங்ககிட்டயே விலைக்கு வந்து நிக்குது.

அவர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். பழகுறவங்க ஸ்டீயரிங்கைப் பிடிப்பாங்க, இவர் பக்கத்துல உட்கார்ந்துக்குவார். அவர் காலுக்குத் தனியா ஒரு பிரேக் உண்டு. அந்த ரெண்டாவது பிரேக்கை முடுக்கியிருந்த இடம்தான் அந்த நாலு ஓட்டை.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"னு கேட்டா என் தங்கச்சி.

"இது அவரோட வண்டிடி."

"அய்யய்யே, அப்ப வேண்டாம். அந்த மனுஷன் இருந்தப்பவே என்னை இதுல ஏத்தினதில்ல."

அவருக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். கல்யாணத்துல ஆரம்பிச்ச ஏதோ ஒரு முறைப்பு, கடைசிவரைக்கும் தீரல. அவர் செத்த அன்னைக்குத்தான் எங்க வீட்டு வாசப்படியே மிதிச்சா. அப்புறம் அவளுக்குச் சிறுநீரகம் ரெண்டும் கெட்டுப்போய், பார்த்துக்க ஆளில்லாம என்னோடயே வந்துட்டா. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிட்டு வரணும். போகும்போது என்னோட சண்டை போட்டுக்கிட்டே போவா. வரும்போது பிழிஞ்சுபோட்ட துணி மாதிரி வருவா. போன வாரம் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மயங்கி விழுந்துட்டா. அந்தக் கூட்டத்துல செருப்பு ஒண்ணு காணாமப் போச்சு. உசிரு பிழைச்சதைப் பத்திப் பேச்சே காணோம், செருப்புக்குத்தான் இன்னும் புலம்பிக்கிட்டு இருக்கா. இனிமே இவளை பஸ்ஸுல ஏத்தினா நான் மனுஷியே இல்லைன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

ஆனா வண்டியை யாரு ஓட்டறது? நான்தான். லைசென்ஸ் இருக்கு, அது ஒண்ணுதான் இருக்கு.

வாத்தியார் பொண்டாட்டிக்கா ஓட்டத் தெரியாதுன்னு கேட்பீங்க. தெரியும். நிறுத்தத்தான் தெரியாது. அவரு எங்கே என்னை நிறுத்த விட்டாரு? நான் பிரேக்கைத் தேடுறதுக்குள்ள அவர் கால் மிதிச்சிருக்கும். முதல்ல மெதுவா ஒரு தட்டு, அப்புறம் ஒரு அழுத்து. வண்டி வாயைத் திறக்காம நின்னுடும். வீட்லயும் அப்படித்தான். பால் பொங்குறதுக்கு முன்னாடியே வந்து அடுப்பை அணைச்சுட்டுப் போவாரு. பால்னா பொங்கும்னு எனக்குத் தெரியாதாக்கும்!

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருத்தர் தேறிட்டாங்கன்னு அவருக்குத் தோணிட்டா, வாயால சொல்ல மாட்டார். ஓடுற வண்டியிலேயே செருப்பைக் கழட்டி ஜோடியா வச்சுட்டு, ரெண்டு காலையும் தூக்கி சீட்டுல சம்மணம் போட்டுக்குவார். பிரேக் பக்கமே கால் போகாது. திரும்பி வரும்போது ஷெட்டுக்கு முந்தின வளைவுல நிறுத்தச் சொல்லி, சத்தமில்லாம இறங்கிப் போயிடுவார். மிச்ச தூரத்தை அவங்களே தனியா ஓட்டிட்டு வரணும். எத்தனையோ பேர் அந்த வளைவுல அழுதிருக்காங்க.

எனக்கு மட்டும் அவர் காலை மடக்கினதே இல்ல. ஒருநாள் கேட்டே கேட்டுட்டேன், "நேத்து வந்த கத்துக்குட்டிக்கெல்லாம் மடக்குறீங்க, நான் என்ன அவ்வளவு மக்கா?"ன்னு. அவர் சிரிக்கல. "நீ ஓட்டிடுவ. எனக்குத்தான் இன்னும் பழகல"ன்னார். அன்னைக்கு எனக்குப் புரியல. கோபத்துல சாப்பாட்டுத் தட்டை டொக்குனு வச்சுட்டுப் போயிட்டேன்.

வண்டித் தரகருக்கு நாங்க வச்ச பேரு 'சத்தியம்'. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு சத்தியம் போடுவார். "எஞ்சின் கல்லு மாதிரி இருக்கும்மா, சத்தியமா. மெக்கானிக்கே பார்த்துட்டு நல்ல வண்டின்னுட்டார். ஓட்டிப் பாருங்க, பிடிக்கலைன்னா போங்க, சத்தியமா ஒண்ணும் சொல்ல மாட்டேன்"ன்னார்.

தங்கச்சியை நிழல்ல நாற்காலி போட்டு உட்கார வச்சுட்டு, நான் ஏறினேன். சத்தியம் முன்னால ஏற வந்தார். அந்த சீட்டுல இன்னொரு ஆள் உட்கார என் மனசு ஒப்பல. பின்னால உட்காரச் சொல்லிட்டேன்.

கிடங்குத் தெருவைத் தாண்டி, ஆஸ்பத்திரிச் சுவரோரமா போய், முச்சந்திக்கு வந்தேன். குறுக்க ஒரு வேன் திரும்புச்சு. என் கால் பிரேக்குக்குப் போகல, ஆக்சிலேட்டர்லயே ஒட்டிக்கிச்சு. அப்போ வண்டி தானா வேகம் குறைஞ்சுது. மெதுவா ஒரு தட்டு, அப்புறம் ஒரு அழுத்து. வேன் போயிடுச்சு.

"பார்த்தீங்களா, பிரேக் எப்படிப் பூ மாதிரி பிடிக்குது! சத்தியமா புதுசு"ன்னார் பின்னால இருந்தவர்.

பக்கத்து சீட்டைப் பார்க்கல, பார்க்க தைரியம் வரல. அடுத்த திருப்பத்துல வேணும்னே காலைப் பிரேக்குல வைக்காம இருந்தேன். ஒரு தட்டு, ஒரு அழுத்து. அதுக்கடுத்த திருப்பத்துலயும் அப்படியே. பயந்து வண்டியை விட்டு இறங்கி ஓடியிருக்கணும், இல்லையா? எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. வெட்கத்தை விட்டுச் சொல்றேன், அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. என் தங்கச்சிக்கு இனி ஒண்ணும் ஆகாது, அவர் பார்த்துக்குவார்னு நினைச்சுக்கிட்டே திரும்பினேன்.

"எடுத்துக்கலாம்டி"ன்னேன்.

"அவரோட வண்டின்னு நடுங்கினியே?"

"அதனாலதான்."

அவ என் மூஞ்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தா. "இரு இரு. இதுல உட்காரப் போறது நான். நானும் ஒரு தடவை வந்து பார்க்கறேன்"னு எழுந்து நேரா முன் கதவைத் திறந்தா.

"பின்னால உட்காரேன்டி."

"பின்னால உட்கார்ந்தா எனக்குக் குமட்டும்னு தெரியாதா? நல்லா இருக்கு உன் நியாயம்."

அவர் சீட்டுல அவ உட்கார்ந்தா அவர் எங்கே போவாரு? ஆனா இதை வெளிய சொன்னா, ரத்தத்தோட என் மூளையையும் சுத்தம் பண்ணச் சொல்லுவா. சத்தியத்தை வாசல்லயே விட்டுட்டுக் கிளம்பிட்டேன்.

இந்தத் தடவை நான் ரொம்ப தைரியமா ஓட்டினேன். ஓட்டறது நான், நிறுத்தறது அவர்னு ஆயிடுச்சே. தங்கச்சி ஏதோ சலசலன்னு பேசிக்கிட்டு வந்தா. கிடங்குத் தெருவுல ஒரு கேட்டுக்குள்ள இருந்து, மூட்டை ஏத்தின கைவண்டியை ஒருத்தர் பின்பக்கமாவே இழுத்துக்கிட்டு ரோட்டுக்கு வந்தார். நான் பார்த்தேன். நல்லாவே பார்த்தேன். பார்த்துட்டு, அந்தத் தட்டுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன்.

தட்டு வரல.

"அக்கா!"ன்னு அவ போட்ட சத்தத்துல என் கால் தானா பாய்ஞ்சுது. பிரேக்கை மிதிச்ச மிதியில உடம்பே குலுங்கிப் போச்சு. கைவண்டிக்கும் எங்களுக்கும் நடுவுல ஒரு ஆள் நுழைய முடியாது, அவ்வளவுதான் இடம். "வீட்ல சொல்லிட்டு வந்தீங்களா?"ன்னு அந்த ஆள் கத்திட்டுப் போனார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்துச்சோ. "எங்க போய்த் தொலைஞ்சீங்க? உங்களை நம்பித்தானே இவளை ஏத்திட்டு வந்தேன்? இவளைக் கொன்னிருப்பேனே!"ன்னு கத்தினேன். ஸ்டீயரிங்கை ஓங்கி அடிச்சேன்.

"யாரைக்கா திட்டுற?"

அப்பத்தான் அவ பக்கம் திரும்பினேன். புதுச் செருப்பைக் கழட்டி ஜோடியா வச்சுட்டு, ரெண்டு காலையும் தூக்கி சீட்டுல சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தா.

"காலை ஏன்டி மடக்கின?"

"அதை ஏன் கேட்குற? ஏறினதுலேர்ந்து காலுக்குக் கீழே ஒரே சில்லுனு இருந்துச்சு. யாரோ 'எடு, எடு'ன்னு தள்ளிவிடுற மாதிரி. மடக்கி உட்கார்ந்தேன், சரியாப் போச்சு. ஏன், மடக்கக் கூடாதா?"

அவர் இந்த வண்டியில காலை மடக்குவாருங்கிறதே அவளுக்குத் தெரியாது. நான் சொன்னதே இல்ல.

ரோட்டோரமா நிறுத்திட்டு அழுதேன். உசிரோட இருந்தப்ப எத்தனை தடவை கேட்டிருப்பேன், அப்பல்லாம் மடக்காத காலை இன்னைக்குப் போய் மடக்கினாரே. எதுக்கும் இளகாத என் தங்கச்சி, அவ கையால என் முதுகைத் தடவிக்கிட்டே இருந்தா. ஊசி குத்திக் குத்தி வீங்கின கை.

அப்புறம் வண்டியை எடுத்தேன். ஒவ்வொரு திருப்பத்துலயும் நானே மிதிச்சேன். முதல்ல ஒரு தட்டு, அப்புறம் ஒரு அழுத்து. தரகரோட இடத்துக்கு முந்தின வளைவு வந்ததும் ஓரங்கட்டி நிறுத்தினேன்.

"வந்து சேர்ந்துட்டோமே, இங்க ஏன் நிறுத்துற?"

"ஒருத்தர் இறங்கணும்."

கிண்டல் பண்ணுவான்னு நினைச்சேன், பண்ணல. என்னைப் பார்த்தா. சம்மணத்தைக் கலைக்காமலே கையை நீட்டித் தன் பக்கத்துக் கதவைத் திறந்து, முழங்காலை ஒதுக்கி வழி விட்டா. வாழ்நாளெல்லாம் முறைச்சுக்கிட்டே இருந்த ஆளுக்கு. கொஞ்ச நேரம் அப்படியே பிடிச்சிருந்தா. வெயில்தான் உள்ளே வந்துச்சு.

"சாத்தட்டுமாக்கா?"ன்னு கேட்டா.

தலையை மட்டும் ஆட்டினேன். அவ மெதுவா சாத்தினா.

சத்தியம் வாசல்லயே நின்னு, "என்னம்மா, எடுத்துக்கறீங்களா, இல்லையா?"ன்னு கையை ஆட்டினார். "எடுத்துக்கறோம்"னு ஜன்னல் வழியா சொல்லிட்டு, மிச்ச தூரத்தையும் ஓட்டிட்டுப் போய் நானே நிறுத்தினேன்.