கண்ணாடியில் தெரிந்த காட்டேரி

சுவரில் ஏறுவதால் அவளுக்குப் பல்லி என்று பெயர். இடுப்பில் கயிற்றைக் கட்டி மேலே இழுத்தால் போதும், கூரையில் ஒட்டிக்கொண்டது மாதிரி நகர்ந்து போய், கீழே நிற்பவனின் கழுத்துக்கு நேராகத் தலைகீழாக இறங்குவாள். மெத்தைக்கடை முதலாளி தயாரிக்கும் ரத்தக்காட்டேரிப் படங்களில் காட்டேரியின் கை, கால், முதுகு, எகிறி விடும் உதை அத்தனையும் பல்லியுடையவை. முகம் மட்டும் கதாநாயகியுடையது.

முதலாளி நிஜமாகவே மெத்தைக்கடை வைத்திருந்தார். அதனால் படப்பிடிப்பில் வேறு எதற்குப் பஞ்சம் வந்தாலும், விழுவதற்கு மெத்தைப் பஞ்சம் வந்ததில்லை. ரத்தம் என்பது சர்க்கரைப் பாகில் கலக்கிய சிவப்புச் சாயம். மதியத்துக்குமேல் அதற்கு எறும்பு வரும். ராத்திரியில் எடுப்பது கட்டுப்படியாகாது என்று ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு, பட்டப்பகலில் நடுநிசியை எடுப்பார்கள். காட்டேரியின் கோரைப்பற்களைச் செய்து தருவது பல்லியின் வீட்டுக்காரர். பல் டாக்டர் ஒருவரிடம் பல்செட் கட்டும் வேலை அவருக்கு. கதாநாயகிக்கும் ஒரு ஜோடி செய்யத்தான் போனார். அளவெடுக்கும் பசையை வாயில் வைத்ததுமே அந்தப் பெண் குமட்டிக்கொண்டு ஓடிவிட்டாள். ஆகவே திரையில் பல் நெருக்கத்தில் தெரியும்போதெல்லாம், மூக்குக்குக் கீழே தாடைக்கு மேலே, அதுவும் பல்லிதான்.

இன்னொருத்தியின் முகத்துக்கு உடம்பைக் கொடுக்கும் டூப் தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான். கேமரா எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் முதுகு. அது பல்லிக்கு எலும்புவரை ஊறிப் போயிருந்தது. உறவுக்காரர்கள் போட்டோ எடுத்தால்கூடத் தன்னை அறியாமல் திரும்பிவிடுவாள்.

"எங்க வீட்டு ஆல்பத்துலயும் இவளுக்கு முதுகுதான்," என்பாள் அவளுடைய நாத்தனார்.

புருஷனின் அக்காவான அந்த அம்மாள் அவர்களோடுதான் இருந்தாள். படம் வந்த முதல் நாளே, குறை சொல்வதற்கென்றே முதல் ஆளாகத் தியேட்டருக்குக் கிளம்புவாள்.

"இதுல நீ எங்க இருக்கே?"

"அதோ பறக்கிறேன் பாருங்க அண்ணி, அது நான்தான்."

"எனக்கு எல்லா முதுகும் ஒரே மாதிரிதான் தெரியுது. உன் தம்பி பொண்டாட்டி சினிமாவுல இருக்காளாமே, எந்த இடத்துலன்னு தெருவுல கேக்குறாங்க. என்னன்னு சொல்றது? முதுகைப் பாத்துக்கங்கன்னா?"

பல்லி சிரித்துவிட்டுப் போய்விடுவாள். ஆனால் ராத்திரி முழங்காலுக்குத் தைலம் தேய்க்கும்போது அது ஞாபகம் வரும். முழங்கால் போன வருஷமே முனக ஆரம்பித்துவிட்டது. இன்னும் ஒரு படம் தாங்கும், மிஞ்சினால் இரண்டு. அதற்குள் ஒரே ஒரு தடவை தன் முகம் திரையில் வரவேண்டும் என்று அவளுக்கு ஆசை. போன படத்தில் டைரக்டரிடம் கேட்டு, நர்ஸ் வேஷத்தில் ஒரு நிமிஷம் நடித்தாள். படம் நீளம் என்று முதலில் வெட்டியதே அந்த நர்ஸைத்தான்.

இந்தப் படத்தின் பெரிய சண்டை ஓர் அழகு நிலையத்தில். சாயங்காலத்துக்குள் காலி செய்து தரவேண்டும் என்ற கண்டிப்போடு இடம் கிடைத்திருந்தது. சுவர் முழுக்கக் கண்ணாடி. காட்டேரியின் உருவம் கண்ணாடியில் விழாது என்பது இந்த வகைப் படங்களின் விதி. கம்ப்யூட்டரில் அழிக்க முதலாளிக்கு வசதி இல்லை. அதனால் கண்ணாடி முழுவதும் கெட்டியாகச் சோப்பு நுரையை அப்பிவிட்டார்கள். அடியாள் வேஷக்காரர்கள், அவர்கள் தலைவன் குண்டன், வாசலை அடைத்துக்கொண்டு கேமரா. சர்க்கரையில் வார்த்த பாட்டில்கள் ஒரு தடவைக்குத்தான் இருந்தன. உடைந்தால் உடைந்ததுதான்.

"ஒரே மூச்சு. நடுவுல நிறுத்த மாட்டேன்," என்றார் டைரக்டர். அவரும் பழைய சண்டைக்காரர். ஒரு தோள் இன்னொன்றைவிடத் தாழ்ந்திருக்கும்.

பல்லி பற்களை மாட்டிக்கொண்டாள். விசில் கேட்டது.

முதல் ஆளை நாற்காலியோடு சுழற்றினாள். அடுத்தவன் தலையில் பாட்டில் நொறுங்கியது. கயிறு இழுக்க, சுவரில் மூன்று எட்டு வைத்து ஏறி, விளக்கைப் பிடித்துத் தொங்கி, இரண்டு பேர் மார்பில் ஒரே நேரத்தில் கால் பதித்தாள். குண்டன் அவளை அலாக்காகத் தூக்கிக் கண்ணாடியில் வீசினான். கூந்தல் முகத்தை மறைக்க, முதுகு கண்ணாடியில் மோதி, நுரையோடு வழுக்கிக்கொண்டு தரைக்கு வந்தாள். இதுவரை ஒத்திகைப்படி. அடுத்தது எழுந்து திரும்பிப் பாய்வது. முழங்கால் வலிக்க மறந்துவிட்டது போலிருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக அவள் எழுந்ததில்லை. எழுந்தவள், பழக்கம் விடாமல், கேமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள்.

எதிரே அவள் முகம்.

அவள் முதுகு வழித்துவிட்டிருந்த பட்டையில் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. கலைந்த தலை, மூக்கில் நுரை, உதட்டுக்கு வெளியே இரண்டு பற்கள். ஒரு கணம் அவளே அரண்டுபோனாள். அந்த அரண்ட கண்ணோடு பல்லைக் கடித்து உறுமிவிட்டு, திரும்பாமலே பின்னால் ஒரு உதை விட்டாள். குண்டன் மெத்தை மேல் போய் விழுந்தான். மிச்சம் இருந்தவர்களும் விழுந்தார்கள். விசில்.

எல்லோரும் கைதட்டினார்கள். மானிட்டரில் ஓட்டிப் பார்த்ததும் கைதட்டல் நின்றது.

"போச்சு," என்றார் முதலாளி. "காட்டேரி உருவம் கண்ணாடியில விழாதுன்னு சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"மத்த காட்டேரிக்கு விழாம இருக்கலாம் முதலாளி," என்றாள் பல்லி. "இதுக்கு விழுது. நீங்களே பாத்தீங்களே."

"அதுவும் யார் மூஞ்சி விழுது? போஸ்டர்ல இருக்கிற மூஞ்சியா? டைரக்டரே, இவ கண்ணாடியில போய் விழுறவரைக்கும் வெச்சுக்க. அதுக்கப்புறம் நம்ம ஹீரோயின் பாப்பாவை ஒரு க்ளோசப் எடுத்து ஒட்டிடு."

"அதுக்கப்புறம்தான் சார் சண்டையே இருக்கு," என்றார் டைரக்டர் மெதுவாக.

"இருக்கட்டும். வேணாம்."

பல்லி மானிட்டரைப் பார்த்தாள். அதில் அவள் முகம் அப்படியே நின்றிருந்தது. நர்ஸைப் போலவே இதுவும் குப்பைக்குப் போகும். போனால் முழங்கால் இன்னொரு முறை இப்படி எழும்பாது. அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"அப்ப கடைசிக் கடியையும் பாப்பாவையே கடிக்கச் சொல்லுங்க," என்றாள்.

வில்லனின் கழுத்தைக் காட்டேரி கடிக்கும் காட்சி இன்னும் பாக்கி இருந்தது. அது இல்லாமல் படம் முடியாது. மூலையில் கையளவு விசிறியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்த கதாநாயகி நிமிர்ந்தாள்.

"எனக்குப் பல்லு கிடையாதுங்களே," என்றாள்.

"அதைக் கழட்டிக் குடு," என்று முதலாளி பல்லியிடம் கையை நீட்டினார். "வேற யாராவது மாட்டிக்கட்டும்."

"இது என் வாய்க்கு அளவெடுத்தது. என் வீட்டுக்காரர் செஞ்சது. கண்ணாடியில என் மூஞ்சி வேணாம்னா, இந்த வாயும் வேணாம். முடிஞ்சா நீங்களே எடுத்துக்குங்க."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். கோரைப்பற்களின் நுனி மட்டும் கீழுதட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. நீட்டிய கையை முதலாளி மெல்லச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

"இதென்ன அநியாயமா இருக்கு. எவ்வளவு நாளா என் சோத்தைத் தின்னுட்டு." அவர் அடியாட்கள் பக்கம் திரும்பினார். "டேய், எந்திரிங்கடா. பாட்டில் இல்லாட்டி என்ன, முதல்லேருந்து எடுப்போம். பல்லி வேணாம். உங்கள்ல ஒருத்தன் பாவாடை கட்டிக்கிட்டுக் குதிங்க."

யாரும் எழுந்திருக்கவில்லை. குண்டன் கன்னத்தைச் சர்க்கரை ரத்தத்தில் வைத்தபடியே படுத்திருந்தான்.

"டேய், உன்னைத்தான்."

"நாங்க செத்துட்டோம் முதலாளி," என்றான் குண்டன், கண்ணைத் திறக்காமல்.

"என்னடா விளையாட்டு?"

"செத்தவன் எப்படி எந்திரிப்பான்? கன்டினியூட்டி போயிடும்."

இன்னொரு பிணம் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கியது. எறும்பு ஒன்று குண்டனின் மூக்கு மேல் ஏறி, யோசித்து, காதுக்குள் போகப் பார்த்தது. அப்போதும் அவன் அசையவில்லை. அதைப் பார்த்துப் பல்லிக்கு அழுகை வரும் போலிருந்தது. பற்களை இன்னும் இறுக்கிக் கடித்துக்கொண்டாள்.

கதாநாயகி எழுந்து வந்து மானிட்டருக்குமுன் குனிந்தாள்.

"வெளியில நான், கண்ணாடிக்குள்ள அவங்க," என்றாள். "பாக்கிறவங்களுக்குக் குலை நடுங்கும் சார். அப்பவே பயந்துபோய் நான் ஒரு சொம்பு தண்ணி குடிச்சேன்."

பல்லி வாயைத் திறந்தாள். "என் மூஞ்சி அவ்வளவு பயமாவா இருக்கு?"

"ஆமாக்கா."

"நல்லா இரும்மா."

டைரக்டர் தன் தாழ்ந்த தோளைத் தேய்த்துக்கொண்டார். "இது உடைஞ்சது எந்தப் படத்துலன்னு தெரியுமா சார்? மூணாவது மாடியிலேருந்து குதிச்சேன். படம் வந்தப்ப என் அம்மா கேட்டாங்க, நீ எங்கடா இருக்கேன்னு. காட்ட எதுவும் இல்ல." விசிலை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டார். "இந்த ஷாட் இருக்கும். இல்லாட்டி நானும் இவங்ககூடப் படுத்துக்கிறேன். மெத்தைதான் நிறைய இருக்கே."

முதலாளி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். படுத்திருந்தவர்களைப் பார்த்தார். பல்லியின் பற்களைப் பார்த்தார்.

"வெச்சுத் தொலைங்க," என்றார். "ஆனா ஒண்ணு. டைட்டில்ல இவ பேர் வராது. எவனாவது கேட்டா, தவறுதலா விழுந்துடுச்சுன்னு சொல்லிடுவேன்."

"என் பேரு எப்ப வந்துச்சு, இப்ப புதுசா வராம போறதுக்கு?"

"எழுந்திரிங்கப்பா," என்றார் டைரக்டர். பிணங்கள் எழுந்து எறும்பைத் தட்டிவிட்டுக்கொண்டன. "கடைசிக் கடி. கண்ணாடி முன்னாடியே வெச்சுக்கலாம். நீ கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நில்லு. பழகினதுதானே."

நுரைக்காரர் பக்கெட்டோடு ஓடிவந்தார், அழிந்த இடத்தில் மறுபடி பூசுவதற்கு. பல்லி அவரைக் கையமர்த்தினாள். விசில் கேட்டதும் கண்ணாடிக்கு நேராகப் போய், உள்ளங்கையை விரித்து, மிச்சம் இருந்த நுரையையும் ஒரே வீச்சில் துடைத்தாள். ஒத்திகையில் இல்லாதது. யாரும் தடுக்கவில்லை. வில்லனைக் கழுத்தைப் பிடித்து இழுத்து, கண்ணாடிக்குள் இருந்த தன்னைப் பார்த்துக்கொண்டே கடித்தாள்.

முடிந்ததும் பற்களைக் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். முதலாளி கேட்கவில்லை.

படம் வந்த அன்று மத்தியான ஆட்டத்துக்கு மூவரும் போனார்கள். நடுவில் நாத்தனார், ஒரு பக்கம் பல்லி, மறுபக்கம் அவள் வீட்டுக்காரர். ஸ்பிரிங் நீட்டிக்கொண்டிருந்த நாற்காலிகள். முன்வரிசையில் இரண்டு ஆட்கள், எல்லாம் தெரிந்தவர்கள்போல் சத்தமாகப் பேசிக்கொண்டே பார்த்தார்கள்.

"இதுல நீ எங்க இருக்கே?" என்று நாத்தனார் வழக்கம்போல ஆரம்பித்தாள்.

"பொறுங்க அண்ணி."

அழகு நிலையம் வந்தது. நாற்காலி சுழன்றது, பாட்டில் நொறுங்கியது, கண்ணாடியில் முதுகு வழுக்கியது. எழுந்தாள். திரும்பினாள்.

திரை முழுக்கப் பல்லியின் முகம். முன்வரிசைப் பேச்சு அறுந்தது. பின்னால் யாரோ அலறினார்கள். வீட்டுக்காரர் சாய்ந்து உட்கார்ந்து, "பல்லு நல்லா உட்கார்ந்திருக்கு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

சண்டை முடிந்து, கடைசிக் கடியும் முடிந்தபிறகுதான் நாத்தனார் பல்லியின் பக்கம் சாய்ந்தாள்.

"ரொம்ப இளைச்சுத் தெரியுற. அங்க சாப்பாடு ஒழுங்கா போடுறாங்களா?"

"போடுறாங்க அண்ணி."

பெயர்கள் ஓட ஆரம்பித்தன. மெத்தை வண்டி ஓட்டியவர் பெயர்கூட வந்தது. பல்லியின் பெயர் மட்டும் வரவில்லை. நாத்தனார் கடைசி எழுத்துவரை பார்த்தாள். பிறகு எழுந்து, முன்வரிசை ஆளின் முதுகில் விரலால் குத்தினாள்.

"ஏங்க, கண்ணாடியில வந்துச்சே ஒரு காட்டேரி, அது எங்க வீட்டுக் காட்டேரி."

அந்த ஆள் திரும்பி, முதலில் நாத்தனாரையும், பிறகு புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த பல்லியையும் பார்த்தான். "சும்மா இருங்கம்மா. இவங்களா?"

"காட்டுடி," என்றாள் நாத்தனார்.

விளக்குகள் எரிந்தன. பல்லி கைப்பையைத் திறந்து, பற்களை எடுத்துத் துடைத்து, நிதானமாக மாட்டிக்கொண்டாள். பிறகு அந்த ஆளுக்கு நேராக, முகத்தைத் திருப்பாமல், வாயைத் திறந்து காட்டினாள்.