கப்பலுக்குப் போன பேணி

என் புருஷன் தியாகலிங்கத்துக்குத் தேத்தண்ணீர் போடத் தெரியாது. சீனியை முதலில் போடுவதா, தேயிலையை முதலில் போடுவதா என்று கேட்கிற மனிசன். அந்த மனிசன் எழுபத்தெட்டாம் ஆண்டு ஆடி மாதம் கொழும்பிலிருந்து வந்து, கிரேக்கக் கப்பலொன்றில் தனக்குக் குசினி வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னால் எனக்குக் கோபம் வருமா வராதா?

தொண்டைமானாற்றில் எங்கள் ஒழுங்கையில் பாதி வீட்டு ஆம்பிளைகள் கப்பலில்தான். இவரும் ஒரு வருஷமாக ஏஜென்சிப் படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். மேல்தட்டு வேலைக்கு ஆள் நிரம்பிவிட்டது, குசினிக்கு மட்டும் ஒருவர் வேண்டும், சமைக்கத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார்கள். ஓம் என்று சொன்னதோடு நின்றாரா? ஹோட்டல் ஒன்றில் மூன்று வருஷம் சமைத்ததாகவும் அளந்துவிட்டு வந்திருக்கிறார்.

பக்கத்து வீட்டு ஏரம்பு அண்ணை முப்பது வருஷம் கப்பலில் நின்றவர். பொய் பிடிபட்டால் முதல் துறைமுகத்திலேயே இறக்கிவிடுவார்கள், பிறகு எந்தக் கப்பலும் ஏற்றாது என்று அவர் சொன்னார். எனக்கு அப்போது ஐந்து மாதம். பிள்ளை பிறக்கிற நேரம் தகப்பன் ஏதோ ஒரு நாட்டுக் கரையில் பெட்டியோடு குந்தியிருக்கப் போகிறாரே என்று நான் புலம்பினேன். இவரோ சிரித்துக்கொண்டு நின்றார்.

என் அம்மா நல்லம்மா அதிகம் கதைக்கமாட்டாள். மருமகனை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"ஒரு மாசத்திலை ஆளைத் திருத்தேலாது. தூளைத் திருத்துவம்."

அம்மா சொன்னது சரிதான். எண்ணெய், வெங்காயம், தூள், உப்பு, தண்ணீர். இந்த ஒழுங்கில் எதைப் போட்டாலும் கறியாகிற மாதிரி ஒரு தூள் இருந்தால் எந்த மடையனும் சமைக்கலாம். ஆனால் எங்கள் வீட்டுத் தூள் மீனுக்கென்று பிறந்த தூள். செத்தல் மிளகாய் தாராளம், வெந்தயம் ஒரு பிடி கூட. சுறாவுக்கும் நண்டுக்கும் அதை அடிக்க ஆளில்லை, கோவா என்கிற முட்டைக்கோசில் போட்டால் கைக்கும். கப்பல் குசினியில் ஐஸ் இறைச்சி, கோழி, கோவா, உருளைக்கிழங்கு, முட்டை, எப்போதாவது மீன் என்று ஏரம்பு அண்ணை அடுக்கினார். இத்தனைக்கும் ஒரே தூள் பொருந்த வேண்டும். வெள்ளைக்காரன் உறைப்புத் தாங்கமாட்டான் என்றும் பயப்படுத்தினார்.

முதல் வறுவலில் அம்மா மிளகாயைப் பாதியாக்கினாள். கோழிக்குப் பிடித்தது, மீன்கறி சப்பென்று போனது. இரண்டாவதில் பெருஞ்சீரகத்தைக் கூட்டினாள். முட்டைக் குழம்பு இறைச்சிக் குழம்பாக மணத்தது. வெந்தயத்தைக் குறை, குறைத்த மிளகாய்க்குப் பதிலாக மிளகைக் கூட்டு என்று நான் சண்டை பிடித்தேன். அம்மா புறுபுறுத்துக்கொண்டே மூன்றாவது தரம் தாச்சியை வைத்தாள். தும்மித் தும்மி ஒழுங்கையே எங்களைத் திட்டியது.

அந்த மூன்றாவது தூளில் இவரே முற்றத்தில் நாலு கறி வைத்தார். நான் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கோவாவும் சரி, கோழியும் சரி, மீனும் சரி, முட்டையும் சரி, ஒவ்வொன்றும் அதது மாதிரியே ருசித்தது. ஏரம்பு அண்ணை கோப்பையை விரலால் வழித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

அடுப்பு சூடாக இருக்கிறதென்று அம்மா அன்றைக்கே எனக்கான சரக்கையும் வறுத்து இடித்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் கறி வைக்கிற தூள்தான் சரக்கு. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு என்கிற சுக்கு. மிளகாய் மருந்துக்கும் கிடையாது. நான் பெறுகிறது கார்த்திகையில், மழை பிடித்தால் மல்லி காயாது என்று அவளுக்கு அவசரம். இரண்டும் ஒரே அளவு பால்மாத் தகரப் பேணிகளில் போயின. ஈரம் உள்ளே போகாமல் மூடியைச் சுற்றி மெழுகு. பேர் எழுதவில்லை. சொந்தக் குசினியில் பேணிக்குப் பேர் எழுதுகிறவர்கள் யார்?

ஆவணியில் சந்நிதி முருகன் கோயில் தேர் முடிந்து இவர் புறப்பட்டார். ஐந்தாம் நாள், என் சரக்குக்கு ஒரு வெயில் காட்டுவோம் என்று அம்மா பேணியைத் திறந்தாள். திறந்தவள் தும்மினாள். உள்ளே சிவப்பாகத் தூள்.

 அந்த மனிசனுக்கு முகத்தில் என்ன, கண்ணா புண்ணா என்று கத்தத் தொடங்கினேன். கண்டபாட்டுக்கு ஏசினேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"பெட்டி அடுக்கினது ஆர் பிள்ளை?"

நான்தான். வேறு ஒருவரையும் கிட்ட வரவிடாமல் அடுக்கினேன். 

வயிற்றையும் தூக்கிக்கொண்டு தபாற்கந்தோருக்கு ஓடினேன். தந்தி என்றதும் அங்கிருந்தவர் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு யாருக்குச் சுகமில்லை என்று விசாரித்தார். தூள் மாறிப்போச்சு என்று அடியுங்கோ என்றேன். அவர் என்னையும் பார்த்தார், என் வயிற்றையும் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் அடித்தார். கொழும்பு ஏஜென்சியிலிருந்து பதில் வந்தது, கப்பல் அதற்கு முதல்நாளே சிங்கப்பூருக்கு வெளிக்கிட்டுவிட்டதாம்.

புரட்டாசி போனது, ஐப்பசி போனது, கடிதம் இல்லை. கிரேக்கத்து ஆம்பிளைகளெல்லாம் பத்தியக் கறியை வாயில் வைத்து முகத்தைச் சுழிக்கிறதும், இவரைப் பெட்டியோடு இறக்கிவிடுகிறதும்தான் எனக்குப் பகலெல்லாம் காட்சி. இவரைப் பற்றிச் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நினைத்து நினைத்து அழுதேன். வேலை பறிபோகாமல் தப்பினால் காவடி எடுப்பிக்கிறேன் என்று சந்நிதி முருகனுக்கு நேர்ந்தேன். எடுக்கப்போகிறவர் இவர்தான், அது வேறு விஷயம்.

கார்த்திகை மழையில் மகள் பிறந்தாள். காயாத மல்லியை அம்மா தாச்சியில் வாட்டி வாட்டி, கைநோக, திரும்பவும் எனக்குச் சரக்கு இடித்தாள். இருபதாம் நாளோ என்னவோ, பால்சுறாவும் உள்ளிப்பூண்டும் போட்டுக் காய்ச்சிய பத்தியக் கறியோடு சோற்றைக் குழைத்து வாயில் வைக்கப் போகிறேன், கடிதம் வந்தது. கையைக் கழுவாமலே உடைத்தேன்.

இவர் எழுதியிருந்தார்: 'பேணியைத் திறந்து பாத்தன். உறைப்பே இல்லை. வெள்ளைக்காரருக்கெண்டு கடைசி நேரத்திலை நீ மாத்திப்போட்டாய் எண்டு விளங்கிச்சுது. உன்ரை மூளை ஆருக்கு வரும்? எங்கடை கப்டனுக்குக் கனகாலமா வயித்தெரிவு. அவிச்ச கிழங்கைத் தவிர ஒண்டும் தொடாத ஆள். இப்ப தானே கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு வாறார். வேலையை ரெண்டு வருசத்துக்கு நிரந்தரமாக்கிப் போட்டினம். இன்னொரு பேணி உடனை அனுப்பு. உதுக்கு என்ன பேர் எண்டு கப்டன் கேக்கிறார்.'

நான் சிரித்த சிரிப்பில் தையல் போட்ட இடம் இழுத்தது. அம்மா என்னவென்று கேட்க வாசித்துக் காட்டினேன். வாழ்நாளில் பல் தெரியச் சிரிக்காத என் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த மூளைப் பட்டத்தை வைத்துக்கொள்ள எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. இரண்டு நாள் வைத்தும் இருந்தேன். ஆனால் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு பொய் எழுதக் கை வரவில்லை. ஏரம்பு அண்ணைக்குத் தெரிந்த ஒருவர் தைமாதம் அந்தக் கப்பலில் ஏறப்போனார், அவரிடம் இரண்டாம் பேணியைக் கொடுத்துவிட்டேன். இந்தமுறை மூடியில் பெரிய எழுத்தில் 'பிள்ளை பெத்தவைக்கு' என்று எழுதினேன். மகள் பிறந்ததையும், பெட்டி அடுக்கியபோது பேணி மாறியதையும், இவரை நான் ஏசியதையும், எல்லாவற்றையும் கடிதத்தில் எழுதினேன்.

மாசிக் கடைசியில் பதில் வந்தது. பேணியில் எழுதியிருந்ததைக் கப்டனுக்கு விளங்கப்படுத்தினாராம். அவர் கதிரையில் இருந்து கண்ணீர் வரும்வரை சிரித்தாராம், பிறகு திடீரென்று சிரிப்பை நிறுத்திவிட்டாராம்.

'அப்ப பிள்ளை பெத்தவ என்னத்தைச் சாப்பிட்டவ எண்டு அவர் என்னைக் கேட்டார். எனக்கு அந்த நினைப்பே வரேல்லை. நீ என்னத்தைச் சாப்பிட்டனீ?'

பாருங்கள், கண்ணால் கண்டிராத கிரேக்க மனிசனுக்கு வந்த யோசனை கட்டின புருஷனுக்கு வரவில்லை. ஒரு நிமிஷம் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் அந்தக் கடைசி வரியை மட்டும் அன்றைக்கு எத்தனை தரம் வாசித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. கடைசியில் கொப்பித் தாளொன்றைக் கிழித்துப் பதில் எழுதினேன்.

'மழைக்குள்ளை அம்மா எனக்கெண்டு புதுசா இடிச்சவ. நானும் பிள்ளையும் நல்லாயிருக்கிறம். கப்டனைக் கேட்டதாகச் சொல்லுங்கோ. இனி எனக்கு இடிக்கிற நேரமெல்லாம் அவருக்கும் ஒரு பேணி இருக்குமாம், அம்மா சொல்லச் சொன்னவ.'