பிஸ்கட் டின் மூடியில் இருந்த பாலம்

1

இந்தக் கதை எனக்கு லண்டன் விமான நிலையத்துக் கடை ஒன்றில், பற்றுச்சீட்டோடு சேர்த்துத் தரப்பட்டது. ஊருக்குக் கொண்டுபோக ஒரு பிஸ்கட் டின் எடுத்திருந்தேன். மூடியில் மணிக்கூட்டுக் கோபுரம், அதன் தோளில் பேராலயத்தின் குவிமாடம், அதை ஒட்டி இரட்டைக் கோபுரப் பாலம், முன்னால் ஒரு சிவப்பு பஸ். கல்லாவில் நின்ற பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழில் சொன்னார்: "இதெல்லாம் கிட்டக் கிட்ட எண்டு நினைச்சிடாதேங்கோ. நான் அப்பிடி நினைச்சு, என்ரை தங்கச்சியைக் கால் கொப்பளிக்க நடக்க வைச்சனான்."

பின்னால் வரிசை நின்றது. நகர்ந்துவிட்டேன். எந்தத் தங்கை, ஏன் நடந்தாள் என்று கேட்கவில்லை. ஆகவே இனி வருவது முழுக்க என் கைவேலை.

2

முதல் தொடக்கம்: "தேம்ஸ் நதி அன்று உருக்கிய வெள்ளியைப் போல..."

வேண்டாம். தேம்ஸ் அன்று ஆறிப்போன தேநீரின் நிறத்தில்தான் ஓடியது.

இரண்டாம் தொடக்கம்: 2004 ஓகஸ்டில் ஒரு சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, மெற்றில்டா தன் தங்கை எமில்டாவோடு வெஸ்ட்மின்ஸ்டர் நிலையத்துப் படிகளில் ஏறி வெளியே வந்தாள். வந்ததும் பாலத்தைத் தேடினாள்.

இது போதும்.

மெற்றில்டாவுக்கு நாற்பத்திரண்டு வயது. ஹவுன்ஸ்லோவில் ஓர் அறை, விமான நிலையக் கடையில் வேலை, பதினொரு வருட லண்டன். எமில்டா ஜெர்மனியில் இருப்பவள். கணவர் பாலேந்திராவுக்கு அங்கே தொழிற்சாலையில் நிரந்தர வேலை. இரண்டு பெண் பிள்ளைகள். அந்த வருடங்களில் ஜெர்மனியிலிருந்தும் ஹொலண்டிலிருந்தும் எங்கள் ஆட்கள் வீட்டுச் சாமான்களை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு லண்டனுக்கு வந்துகொண்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கு ஆங்கிலப் படிப்பு. அதோடு, கூப்பிட்டால் வரச் சொந்தம். ஞாயிறுதோறும் தொலைபேசியில் மெற்றில்டாவும் சொன்னாள்: "வாங்கோ, இஞ்சை நல்லாயிருக்கும்."

அதை நேரில் பார்க்கத்தான் எமில்டா வந்திருந்தாள். பாலேந்திரா திங்கட்கிழமை வேலையை விடுவதாக எழுதிக் கொடுப்பதா, வேண்டாமா? இன்று மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் அவர் கூப்பிடுவார். அதற்குள் பதில் வேண்டும்.

3

"பாலம் எங்கை அக்கா?"

முன்னால் ஒரு பாலம் இருக்கத்தான் செய்தது. பச்சை நிறம், தட்டையானது, கோபுரம் ஒன்றுகூட இல்லை.

"இது வேறை. எங்கடை பாலம் அந்த வளைவுக்கு அங்காலை."

(அவள் பொய் சொல்லவில்லை. டின் மூடியில் அது மணிக்கூட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம், பதினொரு வருடம், அதையே அடுக்கி, துடைத்து, பையில் போட்டுக் கொடுப்பவளுக்கு நகரத்தின் வரைபடம் அதுதான்.)

வளைவு வந்தது. அதற்கு அங்கால் இன்னொரு பாலம், அதுவும் வேறு. அதற்கும் அங்கால் இன்னொன்று.

"பத்து நிமிசம் எண்டனி. உங்கடை லண்டன் மணிக்கூடு எங்கடையிலும் பாக்கப் பிந்தித்தான் ஓடுமெண்டு தெரியும். இவ்வளவு பிந்துமோ?"

"வாயை மூடிக்கொண்டு நட."

"நடக்கலாம். இந்தக் குதிச் செருப்போடை தான் ஏலாது."

ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுப் பாதையில் நடந்து பழகியவள் எமில்டா. அதற்கென்றே இருந்த சப்பாத்தை அறையில் விட்டுவரச் சொன்னவள் அக்காதான்: "படத்துக்கு வடிவா இராது. நல்ல செருப்பைப் போடு."

சென்ற் போல்ஸ் பேராலயத்தின் படிகளில் உட்கார்ந்தார்கள். எமில்டா செருப்பைக் கழற்றினாள். குதிகாலில் ரூபாய் நாணயக் குற்றி அளவுக்குக் கொப்பளம். மெற்றில்டா பையிலிருந்து மட்டன் றோல்ஸை எடுத்து நீட்டினாள். எமில்டா வாங்கவில்லை.

"அக்கா, நீ முந்தி இஞ்சை வந்தனியோ?"

இந்த இடத்தில் மூன்று விடைகள் எழுதினேன். ஒன்றில் மெற்றில்டா, "எத்தனையோ தரம்" என்கிறாள். எழுதும்போது என்னால் அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டாவதில் அழுகிறாள். அவள் ஆட்களுக்கு முன்னால் அழுகிற ஆளில்லை, அழுதது நான். மூன்றாவது இது:

"இல்லையடி. லீவு நாளிலை நித்திரைதான் கொள்ளுவன்."

"பதினொரு வருசத்திலை ஒருக்காலும்?"

"தனிய வந்து என்னத்தைப் பாக்கிறது?"

எமில்டா கழற்றிய செருப்பால் ஒரு புறாவை விரட்டினாள். பிறகு கேட்டாள்: "பள்ளிக்கூடம் நல்லம் எண்டனி. இவருக்கு வேலை லேசா எடுக்கலாம் எண்டனி. அதுகளும் டின் மூடியிலை பாத்ததோ?"

மெற்றில்டா குனிந்தாள். தன் சப்பாத்தின் நாடாவை அவிழ்த்தாள். ஷிப்டுக்குப் போடும் கறுப்புச் சப்பாத்து, தட்டையானது.

"இதைப் போடு. உன்ரையை நான் போடுறன்."

4

கொஞ்ச நேரம் நான் கதைக்கு வெளியே வர வேண்டியிருக்கிறது.

"வாங்கோ, இஞ்சை நல்லாயிருக்கும்" என்ற வரி மெற்றில்டாவுடையது அல்ல. அது என்னுடையது. நான் என் தம்பிக்குச் சொன்னது. அவன் ஹொலண்டிலிருந்து மனைவி பிள்ளைகளோடு வந்தான். லண்டனின் கிழக்கே, பார்க்கிங் என்ற ஊரில் இருக்கிறான். நான் நகரத்தின் மறு கரையில். கலியாண வீடுகளில் சந்திக்கிறோம். பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். அவன் என்னைக் குறை சொன்னதில்லை. ஒருமுறை மட்டும், தேநீரை ஆற்றிக்கொண்டே, "அங்கை எங்கடை வீட்டுக்குப் பின்னாலை ஒரு கால்வாய் இருந்தது அக்கா" என்றான். அவ்வளவுதான். நான் பிஸ்கட் தட்டை அவன் பக்கம் தள்ளினேன்.

அவன் நன்மைக்காக அழைத்தேனா, என் தனிமைக்காக அழைத்தேனா? இரண்டுக்கும் எனக்கு ஒரே குரல்தான் இருந்தது. அதைத்தான்... (இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.)

5

இரட்டைக் கோபுரப் பாலத்தை அடைந்தபோது மூன்று மணியாக ஐந்து நிமிடம் இருந்தது. இப்போது நொண்டியவள் அக்கா.

எமில்டா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். "டின்னிலை கிடக்கிற மாதிரியே இருக்கு, என்ன?" என்றாள். சிரிப்பு வந்தது. மெற்றில்டாவும் சிரித்தாள், சிரித்தபடியே கம்பியைப் பிடித்துக் குனிந்து, செருப்பின் வாரைத் தளர்த்தினாள்.

தொலைபேசி அடித்தது. எமில்டா பெயரைப் பார்த்தாள். எடுக்காமல் அக்காவிடம் நீட்டினாள்.

"இவர்தான். நீயே சொல்லு."

"விசரி. நான் சொன்னதைக் கேட்டுத்தானே உன்ரை கால் இப்பிடிக் கிடக்கு?"

"ஓம். ஆனா பாலம் இருந்தது தானே?"

6

மெற்றில்டாவின் காதில் தொலைபேசி இருக்கிறது. அதுவரை எழுதிவிட்டேன்.

"வாங்கோ" என்று அவளைச் சொல்ல வைத்த ஒரு முடிவு என்னிடம் இருக்கிறது. அதில் அடுத்த வருடம் அவள் லீவு நாளில் நித்திரை கொள்வதில்லை. "பொறுங்கோ, நான் முதல்லை நல்லா விசாரிச்சுச் சொல்லுறன்" என்று அவளைச் சொல்ல வைத்த இன்னொன்றும் இருக்கிறது. அது நேர்மையானது, அதில் அன்றிரவு அவள் சமைக்கவில்லை. இரண்டையும் வாய்விட்டு வாசித்தேன். இரண்டிலும் என் குரல்தான் கேட்டது. நான் ஏற்கெனவே ஒருவருக்குச் சொல்லிவிட்டேன். இரண்டாவது தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாசிக்கிறவரே, இனி மெற்றில்டாவின் இடத்தில் நீங்கள் நில்லுங்கள்.

"அக்கா, சொல்லுங்கோ" என்கிறார் பாலேந்திரா. வேலையுடுப்போடு தொழிற்சாலை வாசலில் நிற்கிறார். அவரும் உங்களை நம்புகிறார்.

தொலைபேசியைப் பிடியுங்கள். சொல்வதற்கு முன் ஒருமுறை கீழே பாருங்கள்: உங்கள் சப்பாத்து தங்கையின் காலில்; அவளுடைய செருப்பு உங்கள் காலில்.