கதவுக்கு வெளியே

அன்று மதியம் தம்பியின் வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். கட்டிலில் தம்பி. அவன் காலடியில் மனைவி. ஜன்னலோர நாற்காலியில், முதுகு சாயாமல், அக்கா. நான்காவதாக, குடும்பத்துக்கு எந்த வகையிலும் உறவில்லாத ஒரு தையற்காரி. அவள் தம்பியின் காதருகே குனிந்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். அக்காவின் பார்வை அவள் உதடுகளை விட்டு நகரவில்லை.

நோயாளி வீட்டுக்குப் பழம் வாங்கி வருகிறவர்களையே அக்கா முழுதாக நம்புவதில்லை. இவள் வெறுங்கையோடு தினமும் வந்தாள்.

அப்பா சபையின் மூப்பராக இருந்தவர். ஆலயத்தின் முன்வரிசை பெஞ்சில் இன்றும் வேறு யாரும் உட்காருவதில்லை. தம்பி மட்டும் கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் போனதே கிடையாது. லிஃப்ட் மெக்கானிக். கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது வேலை போனது, பின்னாலேயே இந்த நோய் வந்தது. கண்ணை மூடினால் எழுந்திருக்கமாட்டோம் என்று பயந்து, விளக்கை அணைக்கவிடாமல் உட்கார்ந்திருந்தவன், இவள் வர ஆரம்பித்த பிறகு நிம்மதியாகத் தூங்குகிறான். போதகர் வந்து ஜெபித்தும் வராத நிம்மதி. அது மருந்தா, மயக்கமா, இல்லை வாயால் சொல்லக்கூடாத வேறொன்றா? அப்பாவின் பெயரை நாலு பேர் வாயில் போட்டு மெல்ல அக்கா விடமாட்டாள்.

தலையணையைச் சரிசெய்கிற சாக்கில் எழுந்து போனாள். காதில் விழுந்தது.

"நான் வெளியதான் நிக்கிறேன். கதவ மட்டும் இழுக்காதீங்கண்ணா."

"எந்தக் கதவு?" அக்காவின் குரல் கூடத்தில் விறைப்பாக நின்றது. "எதுக்கு நிக்கறே?"

தம்பி கண்ணைத் திறந்தான். "இன்ஸ்பெக்டர் வந்தாச்சு. எல்லாரும் ஒழுங்கா நில்லுங்க."

"வாய் மட்டும் குறையல உனக்கு. நீ சொல்லும்மா."

தையற்காரி எழுந்து நின்றாள். "எங்க கடை மாடியில இருக்குங்க. ஒரு நாள் கரண்ட் போயி லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். ஒரே இருட்டு. கதவப் போட்டு இடிச்சேன். அப்பத்தான் அண்ணன் வந்தார். லிஃப்டக் கையால இறக்க மேல மோட்டார் ரூம் சாவிக்கு ஆள் அனுப்பிட்டு, கதவுக்கு வெளியவே உக்காந்து பேசிட்டே இருந்தார். இப்ப நான் சொன்ன இதே வார்த்தைதான் சொன்னார். நானும் உள்ள ஜெபம் பண்ணிட்டே இருந்தேன்."

"அதுக்கு இப்ப என்ன?"

"நான்தான், அண்ணி, இவளக் கூட்டிட்டு வந்தேன்," என்றாள் தம்பி மனைவி. "இவருதான் கேட்டார். அன்னைக்கு லிஃப்டுக்குள்ள நீ யார்கூட பேசினேன்னு அந்தப் பொண்ணுகிட்ட கேக்கணும்னார்."

"இயேசப்பாகூடன்னு சொன்னேங்க," என்றாள் தையற்காரி. "அவ்வளவுதான். அப்புறம் சுவிசேஷம் வாசிச்சுக் காட்டச் சொன்னார்."

நாங்கள் வாசிக்கமாட்டோமா? அக்காவின் நாக்கு வரை வந்தது. யாரும் வாசித்திருக்கவில்லை.

தம்பி மூச்சு வாங்கிக்கொண்டு பேசினான். "உள்ள மாட்டினவன் பதறிப்போய்க் கதவ உடைச்சா விழுந்துடுவான்க்கா. வெளிய ஆள் இருக்குன்னு குரல் கேட்டாப் போதும், சும்மா உக்காந்துக்குவான். எனக்குக் கேக்குது."

"என்ன கேக்குது?"

"சொன்னா அதையும் டெஸ்ட் பண்ணுவே." சிரிக்கப் பார்த்தான். இருமல் வந்தது.

தையற்காரி வெந்நீர் வைக்க அடுப்படிக்குப் போனாள். அவள் எங்கே போகிறாள், எதைத் தொடுகிறாள் என்று அக்கா திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தம்பி மனைவி டாக்டரைக் கூப்பிடுவதற்காக போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது.

அப்போதுதான் கட்டிலில் மூச்சின் ஓசை மாறியது. தம்பியின் கை போர்வையின் மேல் எதையோ தேடியது. விரல்கள் கட்டில் சட்டத்தைப் பற்றி இழுத்தன.

அக்காவுக்கு அச்சிட்ட ஜெபங்கள் எல்லாம் மனப்பாடம். ஒன்றும் வரவில்லை. சட்டத்திலிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். குனிந்தாள். அந்த முதுகு அப்படி வளைந்து யாரும் பார்த்ததில்லை.

"இழுக்காதேடா," என்றாள். "வெளிய அவர் நிக்கிறார். அக்காவும் இருக்கேன். நீ சும்மா உக்காரு."

விரல்கள் இழுப்பதை விட்டன.

மறுநாள் தம்பியின் அடக்க ஆராதனைக்கு ஆலயத்தில் கூட்டம் இருந்தது. முன்வரிசையில் தம்பி மனைவிக்குப் பக்கத்தில் அக்கா. அவள் தன் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொள்ள, காலியான இடத்தில் தையற்காரி ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். பின்வரிசையில், தம்பி வீட்டுக்கு மேல் மாடியில் குடியிருக்கும் அம்மாள், பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தாள்.

"அதோ அவதானாம். கட்டினவ வெளிய நிக்க, கடைசி நேரத்துல கையைப் பிடிச்சிட்டு ஜெபம் பண்ணி அனுப்பிச்சவ."

அக்கா திரும்பினாள்.

"தப்பு. அவ அடுப்படியில இருந்தா. கையைப் பிடிச்சிட்டிருந்தது நான்."