மூன்றாவது முட்டுச்சுவர்

றோசம்மா கோயிலடிக்கு வந்தபோது சூசைப்பிள்ளை அலவாங்குக் கடப்பாரையை ஓங்கிக்கொண்டு நின்றான். தெற்குப் பக்கத்து மூன்றாவது முட்டுச்சுவரின் தலைக்கல் மண்ணில் கிடந்தது.

"ஆரடா உடைக்கச் சொன்னது?"

"தலைவர்தான் அக்கா. புதுக்கூடு இதாலை போகாதாம்."

சபைத் தலைவர் மரியதாசன் வேம்பின் கீழே கதிரை போட்டு இருந்தார். திருநாளில் மாதாவைச் சுமந்து கோயிலைச் சுற்றும் கூட்டை அந்த வருடம், ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தைந்தில், தன் குடும்பப் பெயர் பொறித்துப் பெரிதாகச் செய்வித்திருந்தார். மதில் நெருங்கி வரும் அந்த முட்டுச்சுவரடியில் அது நுழையவில்லை. மதில் அவருடைய காணிக்குரியது. அதில் அவர் கை வைக்கவில்லை.

நெடுந்தீவில் அந்தக் கோயில் தனி மாதிரியானது. இங்கிலாந்துப் பாதிரியார் ஒருவர் தன் ஊர்க்கோயிலை நினைத்து, கூரிய வளைவு யன்னல்களும் சதுரக் கோபுரமுமாக கடற்பாறையிலிருந்து வெட்டிய முருகைக்கல்லில் எழுப்பியது. மேசன் வேலை செய்யும் றோசம்மா பத்து வருடமாக அந்தச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசியவள். எந்தக் கல் எதைத் தாங்குகிறது என்று அவளுக்குத் தெரியும்.

"உது அழகுக்குக் கட்டினதில்லை அண்ணை. கூரைப் பாரம் சுவரை வெளியாலை தள்ளுது. இதுதான் முட்டுக்குடுத்து நிக்குது."

"நீர் எப்ப எஞ்சினியரானனீர்?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "சூசை, நீ உடை."

அலவாங்கைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேர் அவளை விலக்கினார்கள். மத்தியானத்துக்குள் முட்டுச்சுவர் தரைமட்டமாயிற்று.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. கோயிலுக்குள்ளே போய் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெண்கள் சுவரோர வாங்குப் பலகையில் இருந்து பாட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். யன்னல் வளைவிலிருந்து சுண்ணாம்புத்தூள் பொலபொலவென்று கொட்டியது.

"எழும்பி ஓடுங்கோ!" என்று கத்தினாள் றோசம்மா.

கடைசிப் பெண் வாசலைத் தாண்டவும், வளைவின் உச்சிக்கல் பாட்டுக்காரர் இருந்த வாங்கில் விழுந்து அதை இரண்டாகப் பிளந்தது. சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு.

சூசைப்பிள்ளை அலவாங்கை எறிந்துவிட்டு ஓடிவந்தான். அவனும் அவளும் பனைமரத் தீராந்தி உத்திரங்களை இழுத்துவந்து வெளியே முண்டு கொடுத்தார்கள். மரியதாசன் கிட்ட வந்தார்.

"கடவுள் காப்பாத்தினார், றோசம்மா."

"கடவுளை ஏன் இழுக்கிறியள்? உங்கட மதிலை இடிக்க மனம் வரேல்லை, கோயிலை இடிச்சியள். அந்த வாங்கிலை உங்கட மகளும் இருந்தவள், தெரியுமோ?"

புதுக்கூடு அந்தத் திருநாளுக்கு வெளியே வரவில்லை.

ஒன்பது நாள் வேலை. உடைத்த கற்களையே பொறுக்கி முட்டுச்சுவரை அதே சாய்வில் திரும்பக் கட்டினாள். கடைசி நாள் மரியதாசன் ஆளனுப்பினார், பழைய சுவரோடு சேர்த்து வெள்ளையடித்துவிட்டால் ஒட்டுத் தெரியாதாம்.

"ஏலாது எண்டு சொல்லு," என்றாள் றோசம்மா, பூச்சுக் கரண்டியைக் கழுவியபடி. "வாறவன் போறவன் எல்லாரும் பாக்கட்டும்."